ஓதற்பிரிவும் பொருள்வயிற்பிரிவும்: பென்னலூர்ச் சாலையில் கல்வி

1

'உலகமயமாதலுக்கு ஏற்பக் கல்வி மாற வேண்டும்' என்ற வாக்கியம் இன்று எல்லார் வாயிலும் இருக்கிறது. அமைச்சர் சொல்கிறார், துணைவேந்தர் சொல்கிறார், தொழில் கூட்டமைப்பின் தலைவர் சொல்கிறார், மகளைப் பொறியியலில் சேர்க்கக் கடன் புரட்டிக்கொண்டிருக்கும் தகப்பனும் அதையேதான் சொல்கிறார். ஒன்றோடொன்று ஒட்டாத நலன்களைக் கொண்ட இத்தனை பேரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றால், அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிடாமல் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதன் அதிகாரம் முழுக்க 'ஏற்ப' என்கிற சின்னச் சொல்லில்தான் குடியிருக்கிறது. உலகமயமாதல் என்று ஒன்று மழை போல, வெயில் போல வந்துவிட்டது. கல்வி குடையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்கிற பாவனை அச்சொல்லுக்குள் இருக்கிறது. எது நிலையானது, எது வளைய வேண்டியது என்ற வரிசை அங்கே பேச்சுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

உலகமயமாதல் என்று நாம் சொல்வதில் இரண்டு நகர்வுகள் இருக்கின்றன. ஒன்று, மூலதனத்தின் நகர்வு. மற்றொன்று, அந்த மூலதனத்தைத் தேடிப் போகிற மனிதர்களின் நகர்வு. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் ஒரு முக்கியமான உண்மை மறைந்துபோகிறது. நம்முடைய கல்வி முதலாவது நகர்வுக்கு ஏற்ப எப்போதோ மாறிவிட்டது. இரண்டாவது நகர்வுக்கு ஏற்ப மாறுவதற்கு அது இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை. இதை நான் தெரிந்த ஒரு சாலையை வைத்து விளக்கப் பார்க்கிறேன்.

2

பென்னலூர் என்றால் பலருக்கும் தெரியாது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்னால் இருக்கிற ஊர். ஏரியும் ஏரிப்பாசனமும் கொண்ட செங்கல்பட்டுச் சீமையின் பழைய நிலப்பரப்பு. ராமாநுசர் பிறந்த ஊராக வைணவர்களுக்கு மட்டும் முக்கியமாக இருந்த ஸ்ரீபெரும்புதூரின் பெயர் 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது உலகச் செய்தித்தாள்களில் அடிபட்டது. அதே ஆண்டு ஜூலையில் இந்திய அரசின் புதிய தொழிற்கொள்கை வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் இந்த ஊரை உலகம் அறிந்துகொண்ட வகைகள் இரண்டும் ஒரே ஆண்டில் தொடங்கின.

பிறகு நடந்தவை வேகமானவை. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இங்கே கால்வைத்து, 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து காரை வெளியே விட்டது. 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடி. 2006இல் நோக்கியா கைப்பேசி. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான். 2012இல் அதே ஒரகடத்தில் டெய்ம்லரின் லாரி. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும். சிப்காட் என்கிற அரசு நிறுவனம் நிலத்தை எடுத்துக் கொடுத்தது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு இழப்பீடும் 'வேலை கிடைக்கும்' என்கிற நம்பிக்கையும் மிஞ்சின.

இந்த வரிசையில் கல்வி எங்கே வருகிறது? பென்னலூரில் இருக்கிற ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது 1985இல். அதாவது, தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முளைக்க ஆரம்பித்த 1980களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. மூலதனம் வந்திறங்குவதற்குப் பத்தாண்டு முன்பே, அதற்கு வேண்டிய கைகளையும் தலைகளையும் தனியார் கட்டணத்தில் தயார் செய்கிற அமைப்பு இங்கே உருவாகிவிட்டது. 'மாறுங்கள், மாறுங்கள்' என்று இன்றைக்கும் கல்வியைப் பார்த்துச் சத்தம் போடுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வீட்டை மெழுகிக் கோலம் போட்டுவிட்டுத்தான் கல்வி விருந்தாளிக்காகக் காத்திருந்தது.

3

பள்ளிக்கும் ஆலைக்கும் உள்ள உறவைப் பற்றி மேலைச் சிந்தனையாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். லூயி அல்தூசர் 1970இல் பள்ளியைக் கருத்தியல் அரசு எந்திரங்களில் தலையாயது என்றார். உழைப்பாளியின் திறமையை மட்டுமல்லாமல், கீழ்ப்படிகிற மனத்தையும் பள்ளி மறுஉற்பத்தி செய்கிறது என்பது அவர் வாதம். அமெரிக்காவில் பவுல்ஸும் கிண்டிஸும் 1976இல் இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: மணி அடிப்பது, வரிசையில் நிற்பது, மதிப்பெண்ணுக்காகப் படிப்பது ஆகிய எல்லாம் ஆலையின் ஒழுங்குக்கு ஒத்திகை.

இந்த வாதங்கள் நமக்கு உதவுகின்றன, ஆனால் போதவில்லை. அவர்கள் மனத்தில் இருந்த ஆலை ஒரே இடத்தில் நிற்கிற ஆலை. தகப்பன் வேலை பார்த்த ஆலையிலேயே மகனும் வேலைக்குப் போவான். பால் வில்லிஸ் 1977இல் எழுதிய ஆங்கிலேயத் தொழிலாளி வீட்டுப் பையன்களின் கதையும் அதுதான். இங்கே ஆலையே நகர்கிறது. 2006இல் வந்த நோக்கியா ஆலையில் உச்சக்கட்டத்தில் நேரடியாக ஏறத்தாழ 8,000 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். வரித் தகராறு ஒருபக்கம். கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் வாங்காமல் விட்டது மறுபக்கம். 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. சில ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தைச் சால்காம்ப் என்கிற நிறுவனம் கைப்பேசிக்கு மின்னேற்றி செய்ய எடுத்துக்கொண்டது. வளாகம் மறுபடி பயன்பட்டது. வளாகத்துக்குள் எட்டு வருஷம் நின்ற பெண்ணுக்கு, 'இன்ன வேலை எனக்குத் தெரியும்' என்று இன்னொரு கம்பெனி வாசலில் காட்டுவதற்கு என்ன இருந்தது? பழைய பிளஸ் டூ மார்க் ஷீட்தான். எட்டு வருஷ உழைப்பு அறிவாகக் கணக்கில் ஏறவில்லை.

இதன் மையத்தில் ஒரு சொல் இருக்கிறது: 'பயிற்சியாளர்'. பேச்சுவழக்கில் 'டிரெய்னி'. இந்தச் சாலையில் ஓடுகிற கம்பெனி பஸ்களில் போகிற இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் நிரந்தரம் என்பார். பலர் டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்பார்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 18ஆம் பிரிவில் பழகுநரைப் 'பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல' என்று வரையறுக்கிறது. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விதிகள் அவருக்கும் பொருந்தும். மற்றபடி தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. இயந்திரத்தின் முன்னால் தொழில் கற்றுக்கொள்கிற சிறுவனைக் காக்கும் நோக்கமும் அந்தச் சட்டத்துக்கு இருந்தது. ஆனால் கற்றல் என்கிற பெயர் ஒருமுறை கிடைத்துவிட்டால், அதன் நிழலில் உற்பத்தியை எவ்வளவு வேண்டுமானாலும் நடத்தலாம் என்கிற வழியும் திறந்தது. 2013இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கொண்டுவந்த 'நீம்' திட்டம் இந்த வழியை இன்னும் அகலப்படுத்தியது. படிப்பை முடித்தவர்களையும் பாதியில் விட்டவர்களையும் இடையில் ஒரு முகவர் அமைப்பு 'பயிற்சி'க்கு என்று ஆலைக்கு அனுப்பிவைத்தது. அனுப்பப்பட்டவர் ஆலையின் ஊழியராகவும் இல்லை, முகவரின் ஊழியராகவும் இல்லை, மாணவராக இருந்தார்.

இங்கே கல்வி என்பது பாடத்திட்டம் அல்ல. அது ஒரு சட்டத் தகுதி. தொழிலாளியை மாணவராகப் பெயர் மாற்றுவதன் மூலம் கூலியும் உரிமையும் குறைகின்றன. பால்ராப் பருவத்தில் சிறுவர்கள் வேலை செய்தால் அதைக் குழந்தை உழைப்பு என்கிறோம். வேலை செய்கிற வயதில் இளைஞர்களை முடிவில்லாமல் மாணவர்களாகவே வைத்திருப்பதற்கு நம்மிடம் இன்னும் பெயர் இல்லை.

4

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. அகத்திணையியல் பிரிவுகளை வகைப்படுத்துகிறபோது ஓதலுக்காகப் பிரிவதையும் பொருளுக்காகப் பிரிவதையும் வேறுவேறாக வைக்கிறது. ஓதற்பிரிவு உயர்ந்தோர்க்கு உரியது என்றும் சொல்லிவிடுகிறது. கல்வி தேடி ஊரை விட்டுப் போகிற தகுதி யாருக்கு உண்டு என்பதை இலக்கணமே தீர்மானிக்கிறது. மற்றவர்கள் பிரிந்தால் அது பிழைப்புக்காகத்தான். பிரிகிறவன் எப்போதும் ஆண். பெண் இருந்து வருந்துகிறவள்.

பென்னலூர்ச் சாலை இந்த இலக்கணத்தைக் கலைத்துப் போட்டிருக்கிறது. பிரிந்து வருகிறவள் இப்போது பெண். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த பெண்கள் ஆஸ்டலுக்கு வருகிறார்கள். வீட்டில் சொல்வது 'டிரெய்னிங் போறேன்' என்று, அதாவது ஓதற்பிரிவு. மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் போகிறது; அதாவது பொருள்வயிற்பிரிவு. உயர்ந்தோர்க்கு உரியதாக இருந்த ஓதற்பிரிவின் பெயர் மட்டும் எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஓதல் வந்து சேரவில்லை.

இதில் விடுதலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கிராமத்தில் சாதியின் கண்காணிப்புக்குக் கீழே இருந்த பெண் தன் பெயரில் ஏ.டி.எம். கார்டு வைத்துக்கொண்டு, தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போவது சாதாரண விஷயம் அல்ல. 'வேலை வேணாம்னு நீங்க எழுதுவீங்க, அதுக்குப் பதிலா நாங்க என்ன பண்றது?' என்று ஒரு பெண் என்னைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. ஆலை வேண்டாம் என்று சொல்வதற்கல்ல இந்தக் கட்டுரை. ஆலைக்கு வந்த பெண்ணின் கையில் எந்த அறிவு இருக்கிறது, எது இல்லாதபடி பார்த்துக்கொள்ளப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் இருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாத நிலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் அன்றைக்கு இருந்த ஒரே மொழி சாலை மறியல். குறையை எந்த அதிகாரிக்கு, எந்தச் சட்டப்படி எழுத வேண்டும் என்பதைப் பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடம் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விடுதிகள் விவாதப் பொருளாயின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல காரியம். படுக்கைகளை இத்தனை துல்லியமாக எண்ணத் தெரிந்த அரசு, அங்கே தூங்கி எழுகிற பெண்களில் எத்தனை பேர் விட்ட படிப்பைத் தொடர விரும்புகிறார்கள் என்றும் எண்ண வேண்டும்.

இரண்டாவது, 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாட்கள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தம். கூலியும் வேலைநேரமும் பேசப்பட்டாலும் மோதல் மையம் கொண்டது சங்கத்தைப் பதிவு செய்வதில். அதிலும் சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கலாமா என்பதில். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அப்போது நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தை அந்தத் தொழிலாளர்கள் வரிவரியாகக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தது பள்ளி அல்ல, சி.ஐ.டி.யு. சங்கம். ஒரு சொல்லுக்காக ஒரு மாதத்துக்கு மேல் கூலியை இழந்து நிற்பது கல்விச் செயல்பாடு இல்லையென்றால் வேறு எது? உலகமயமாதலுக்கு ஏற்பக் கல்வி கற்ற மனிதர்கள் யார் என்று என்னைக் கேட்டால், நான் அந்தப் பந்தலைத்தான் காட்டுவேன்.

5

இதுவரை சொன்னது தமிழ்நாட்டுக்குள் நகர்கிறவர்களைப் பற்றி. இனி எல்லை தாண்டி வருகிறவர்கள். பென்னலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று பல மாநில ஆட்கள் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். நிலத்தை விற்றுவிட்டு வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் உள்ளூர்க்காரர். அவருடைய மகன் 'லோக்கல்னா கம்பெனியில எடுக்க மாட்டேங்கறான் சார், கூட்டம் சேத்துருவோம்னு பயம்' என்கிறான். உள்ளூர்ப் பையனின் ஆத்திரம் கம்பெனிமேல் போக வேண்டியது. அறையில் இருக்கிற வடக்கத்திப் பையன்மேல் போகிறது. 2023 மார்ச்சில் பொய்யான காணொளிகள் பரவி, பீகார்த் தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறியதை நாம் மறந்துவிட முடியாது. வாடகை கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். வதந்திக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடைக்காது.

தமிழ் வழங்காத நாட்டைச் சங்க இலக்கியம் 'மொழிபெயர்தேயம்' என்று சொல்லும். நம் பார்வையிலிருந்து வைத்த பெயர் அது. ஒடியாக் குழந்தைக்குப் பென்னலூர்தான் மொழிபெயர்தேயம். பல மொழி பேசுகிற, தம் நாட்டை விட்டு வந்த மக்கள் புகாரில் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பெருமையாகச் சொல்கிறது. மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அந்த மக்களின் குழந்தைகள் எந்த மொழியில் என்ன படித்தார்கள் என்று அப்போதும் யாரும் பாடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடத் தெளிவானது. ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப்பயிற்சி தர வேண்டும். மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ பள்ளி மாறும் உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ், அதாவது நாம் சொல்லும் டி.சி., தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவு சொல்கிறது.

நடைமுறையில் இடறுவது காலண்டரில். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடாப் பக்கமிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு வருகிற குடும்பங்கள் அறுவடைக்காலத்தை ஒட்டிக் கிளம்பி, மழைக்கு முன்னால் திரும்பிப் போகும். நம் பள்ளி ஜூனில் திறந்து ஏப்ரலில் மூடும். பாதி வருஷத்தில் வந்து, வருஷக் கடைசியில் காணாமல் போகிற குழந்தை இரண்டு மாநிலத்தின் வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் விழுகிறது. சூளையருகே ஒடியாவில் கற்பிக்கும் மையங்களை அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்தியிருக்கின்றன. ஒடிசாவிலிருந்து பாடநூல்களும் வந்தன. அது முன்மாதிரி. ஆனால் சூளைக்குச் செய்ததை ஆலைச் சாலைக்குச் செய்யும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சூளைக் குடும்பம் திரும்பிப் போகும். பென்னலூரில் வாடகைக்கு இருக்கிற குடும்பம் பெரும்பாலும் தங்கிவிடும்.

தங்கிவிடுகிற குழந்தைக்கு எந்த மொழி? இங்கேதான் தமிழ் படித்த நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அதை நான் ஆதரிக்கிறேன். இந்த மண்ணில் வாழ்கிற குழந்தைக்கு இந்த மண்ணின் மொழி தெரியாமல் போனால், அது காலத்துக்கும் ஆலை வாசலில் நிற்கிற ஆளாகவே இருக்கும். ஆனால் ஆறாம் வகுப்பில் வந்து சேர்கிற ஒடியாக் குழந்தைக்குத் தமிழ் தாய்மொழி அல்ல, இரண்டாம் மொழி. இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பிப்பது தனித்துறை. செய்யுளையும் அணியையும் கொடுத்து அதைச் செய்ய முடியாது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, கடல் கடந்த தமிழ்க் குழந்தைகளுக்காக மழலைக் கல்வியிலிருந்து பாடம் தயாரிக்க நமக்குத் தெரிந்தது. டொராண்டோவில் இருக்கிற குழந்தைமேல் நாம் காட்டிய அக்கறையில் ஒரு பங்கைப் பென்னலூரில் இருக்கிற குழந்தைக்கும் காட்ட வேண்டும். அண்மையில் பள்ளிக் கல்வித்துறை இந்தத் திசையில் அடியெடுத்து வைத்திருக்கிறது. அது ஆசிரியர் பயிற்சியிலும் பாடநூலிலும் நிலையான இடம் பெற வேண்டும்.

6

'அப்படியானால் அவர்கள் மொழியிலேயே பள்ளி வைத்துவிடலாமே' என்று கேட்கிற நல்ல உள்ளங்கள் உண்டு. அதற்கு நம் சொந்த வரலாற்றில் பதில் இருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் அந்தக் குழந்தைகளாக இருந்தவர்கள்தான்.

இலங்கையில் 1907ஆம் ஆண்டின் கிராமப் பள்ளிகள் சட்டம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தரும்படி தோட்ட நிர்வாகத்துக்குப் பொறுப்பு வைத்தது. மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி வைக்கச் சொன்னது. தமிழ் பிழைத்தது. மலேசியாவில் இன்றைக்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு வேர் அங்கேதான். ஆனால் அந்தப் பள்ளிகளைத் தோட்ட நிர்வாகம் சகித்துக்கொண்டது எதனால்? தாயும் தகப்பனும் மரம் சீவப் போகும் நேரத்தில் பிள்ளைகளை அடைத்துவைக்க ஓர் இடம் வேண்டும். ஓரளவு எழுத்துத் தெரிந்த அடுத்த தலைமுறைக் கூலியும் வேண்டும். தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் போகிற சாலை அந்தப் பள்ளியிலிருந்து நெடுங்காலம் கிளம்பவில்லை. இலங்கையில் தோட்டப் பள்ளிகள் தேசிய அமைப்புக்குள் வந்ததே 1970களில்தான். தாய்மொழி அங்கே உறவாகவும் இருந்தது, வேலியாகவும் இருந்தது.

ஐரோப்பாவும் இதே முட்டுச்சந்தில் நின்றது. 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர் வைத்துத் துருக்கியர்களை அழைத்துக்கொண்ட ஜெர்மனியில், என்றைக்கோ திரும்பிப் போவார்கள் என்ற கணக்கில் பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைத்த இடங்கள் உண்டு. அவர்கள் திரும்பிப் போகவில்லை. 1977இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஓர் ஆணை பிறப்பித்தது: வந்த நாட்டின் மொழியையும் கற்பி, சொந்த நாட்டின் மொழியையும் கற்பி. இரண்டும் வேண்டும் என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை; பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017இல் 'ரோஷ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. குழந்தையின் மொழியும் மலையாளமும் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் பள்ளி தொடங்குவதற்கு முன்னால் வகுப்பு எடுப்பார். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவார். காலை உணவும் உண்டு. அதே ஆண்டு பெரியவர்களுக்காகச் 'சங்ஙாதி' என்ற திட்டமும் வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு மலையாளம் கற்பிக்கத் தனிப் பாடநூலே எழுதினார்கள். மொழிப்பற்றில் மலையாளிகள் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை. வந்தவனுக்குத் தன் மொழியைக் கற்றுக்கொடுப்பதுதான் மொழிப்பற்று என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

7

ஆக, மனிதர்களின் நகர்வுக்கு ஏற்பக் கல்வி மாறுவது என்றால் என்ன? எனக்குத் தெரிகிற வரையில் நான்கு காரியங்கள்.

முதலாவது, குழந்தையோடு பதிவேடு நகர வேண்டும். எந்த மாதத்தில் வந்தாலும் சேர்க்கிற பள்ளி, போகிற ஊரின் பள்ளிக்குத் தகவல் சொல்கிற பொறுப்பையும் ஏற்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். இருக்கிற சட்டத்தைத் தலைமையாசிரியர் மேசைக்குக் கொண்டுவந்தால் போதும்.

இரண்டாவது, தாய்மொழியில் நுழைந்து தமிழில் நடக்கிற வகுப்பு. அந்தப் பகுதியில் வந்து தங்கிய பெண்களிலேயே பன்னிரண்டாவது வரை படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சம்பளம் கொடுத்து உதவி ஆசிரியராக வைக்கலாம்.

மூன்றாவது, 'பயிற்சி' என்று பெயர் வைத்தால் அது பயிற்சியாக இருக்க வேண்டும். ஆலைக்குள் கழிகிற ஒவ்வோர் ஆண்டும் வேறு ஆலை மதிக்கிற, கல்லூரி வரவு வைக்கிற சான்றிதழாக மாற வேண்டும். கற்பிக்கிற நேரம் எவ்வளவு, உற்பத்தி நேரம் எவ்வளவு என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். கற்பித்தல் இல்லையென்றால் அவர் தொழிலாளி; தொழிலாளிக்குரிய கூலியையும் உரிமையையும் கொடுத்துவிட வேண்டும்.

நான்காவது, பாடத்தின் உள்ளடக்கம். 1963இல் பிரேசிலின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்னும் ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே எழுத்தறிவு வகுப்புகள் நடத்தினார். உழைப்பாளிகளின் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டு எழுத்தையும் உலகத்தையும் சேர்த்து வாசிக்க வைப்பது அவர் முறை. 'செங்கல்' அம்முறையின் புகழ்பெற்ற சொற்களில் ஒன்று. நம் சாலைக்கும் அப்படிப்பட்ட சொற்கள் உண்டு: ஷிப்ட், ஓ.டி., பிடித்தம், பி.எஃப்., கான்ட்ராக்ட், பட்டா, இழப்பீடு, ஏரி. பென்னலூரின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிந்து வெளியே வர வேண்டும். தன் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே போனது என்று கேட்கத் தெரிய வேண்டும். பக்கத்து பெஞ்சில் இருக்கிற ஒடியாக் குழந்தையின் அப்பாவும் தன் அப்பாவும் ஒரே முகவரிடம் ஏமாறுவது எப்படி என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: பிள்ளைகளை வேலைக்கு லாயக்கில்லாதவர்களாக, சண்டைக்காரர்களாக ஆக்கப் பார்க்கிறீர்கள் என்று. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றபோது தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தது; 1954இல் அது கைவிடப்பட்டது. அன்றைக்கு எதிர்த்தவர்கள் கைத்தொழிலை இழிவு என்று நினைத்ததாலா எதிர்த்தார்கள்? பிறப்பு ஒரு குழந்தையின் படிப்புக்கு எல்லை போடக் கூடாது என்பதற்காக எதிர்த்தார்கள். இன்றைக்கு எல்லை போடுவது பிறப்பு மட்டும் அல்ல. எந்தக் கம்பெனி எந்த வருஷம் எத்தனை பேரைக் கேட்கிறது என்பதும் எல்லை போடுகிறது. பிறப்பு அதற்குள் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. 'பிளஸ் டூ போதும்' என்று ஆலை சொன்னால் பிளஸ் டூ போதும் என்று ஒரு வட்டாரமே முடிவு செய்துவிடுகிறது. ஆலை போன பிறகு அந்த முடிவின் கணக்கைத் தீர்க்கிறவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

மூலதனத்துக்குத் தேவையானதைக் கற்பிக்க மூலதனமே பணம் செலவழிக்கும். அதற்கு அரசுப் பள்ளியின் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. மனிதர்கள் நகரும்போது கூடவே எடுத்துப்போகிற அறிவைக் கொடுக்க வேறு யாரும் இல்லை. பென்னலூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் இருக்கிற அரசுப் பள்ளிகளின் வேலை அதுதான். அடுத்த ஜூனில் அந்த வகுப்பறைகளில் யார் உட்காரப் போகிறார்கள், எந்தெந்த மொழியோடு உட்காரப் போகிறார்கள் என்று இப்போதே கணக்கெடுப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.